சிரிப்புக்கு எஸ்டிமேட்

வா மாப்ளே, உக்காரு. உன் அத்தை காபி போடுறா. அதுக்குள்ள அந்தக் காகிதத்தை இப்படிக் கொடு. ஓஹோ, இதுதான் திருப்பதியில கொடுத்தனுப்பின எஸ்டிமேட்டா? மேலே ஒருத்தன் சிரிக்கிறான், கீழே கூட்டல் கணக்கு நிக்குது. முன் பல்லு ஒண்ணுக்கு இம்ப்ளான்ட். ஈறுல இருக்கிற கருப்பை எடுக்க லேசர். ஈறை வெட்டி மேலே ஏத்துறதுக்குத் தனி. பக்கத்துல ஆறு பல்லுக்கு வெனீர். எல்லாத்தையும் சேர்த்து ‘ஸ்மைல் டிசைன் பேக்கேஜ்’னு பேர் வெச்சு, பத்து சதவீதம் தள்ளுபடின்னு வேற போட்டிருக்கான். கல்யாண மண்டபத்துக்காரன் எவ்வளவோ தேவலை, அவன் சமையல் பாத்திரத்தையாவது சேர்த்துத் தர்றான்.

பல்லு எப்படிப் போச்சுன்னு அந்த டாக்டரம்மாகிட்ட சொன்னியா? சொல்லியிருக்க மாட்டே, பைக்ல விழுந்தேன்னு சொல்லியிருப்பே. சந்திரகிரி பக்கம் ரங்கம்பேட்டையில சங்கராந்திக்குக் காளைக் கொம்புல கட்டின பலகையைப் பறிக்கிறேன்னு போய், பலகை கைக்கு வராம, பல்லைக் காளைக்குக் காணிக்கையாக் கொடுத்துட்டு வந்த வீரன் நீ. அது ஆச்சு அஞ்சு சங்கராந்தி.

போன வருஷம் உழவு மாடு வாங்கப் போனோமே, ஞாபகம் இருக்குதா? மாட்டோட வாயைப் பிளந்து, ரெண்டு பல்லா நாலு பல்லா, கடைப்பல் முளைச்சிடுச்சான்னு எண்ணினே. குளம்பைத் தட்டினே, நடக்கவிட்டே, சுழி பார்த்தே, விக்கிறவனோட மாமனார் ஊரு வரைக்கும் விசாரிச்சே. இப்ப உன் சொந்த வாயி. அதுல எலும்பைத் துளைச்சு ஸ்க்ரூ இறக்கப் போறாங்க. நீ அங்க கேட்டது ஒரே கேள்வி: “ஈஎம்ஐ உண்டா?”

கேக்க வேண்டியதையெல்லாம் ஊசி போடுறதுக்கு முன்னாடி கேளுடா நைனா. ஊசி போட்டு உதடு மரத்துப் போனப்புறம் நீ எதைக் கேட்டாலும் அவங்களுக்கு ‘ழழழ’ன்னுதான் விழும். அவங்களும் “ஏம் காது அண்ணா, ஏம் காது”ன்னு தோளைத் தட்டிக் கொடுப்பாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதுக்கு ஒரு செலவும் இல்லை.

முதல்ல நாளைக் கணக்கு பண்ணு. இப்ப ஐப்பசி. உனக்கு முகூர்த்தம் மாசியில. இம்ப்ளான்ட்டுன்னா ஒரு சின்ன டைட்டானியம் ஸ்க்ரூ. மூணரையிலிருந்து அஞ்சு மில்லிமீட்டர் தடிமன், எட்டிலிருந்து பதிமூணு மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். அதைத் தாடை எலும்புல இறக்கிட்டு, எலும்பு அதைத் தன்னோட சேர்த்துக்கிற வரைக்கும் காத்திருக்கணும். கீழ்த் தாடைன்னா மூணு மாசம், மேல் தாடைன்னா நாலு, சமயத்துல ஆறு மாசம். அதுக்கப்புறம்தான் மேலே கேப் மாட்டுவாங்க. உனக்கோ பல்லு போய் அஞ்சு வருஷம். பல்லு இல்லாத இடத்துல எலும்பு சும்மா இருக்காது, கரையும். முதல் வருஷத்துலேயே பாதிக்குப் பாதி ஒல்லியாகிறதும் உண்டு. முன் பக்கம் மேல் தாடையில அந்த எலும்பு முதல்லேயே காகிதக் கனம்தான். அதனால உனக்கு எலும்புத் தூள் வெச்சுக் கட்டித்தான் ஸ்க்ரூ போட முடியும்னு சொன்னாங்கன்னா, இன்னும் நாலு, ஆறு மாசத்தைக் கூட்டிக்கோ. மாசிக்குள்ள அத்தனையும் முடியும்னு ஒருத்தர் சொன்னா, அவரு உன் பல்லைப் பார்க்கல, உன் பத்திரிகையைப் பார்த்திருக்காரு.

‘ஒரே நாளில் பல்’னு போர்டு வெச்சிருக்காங்களேன்னு கேப்பே. பொய்யில்லை. எலும்பு நல்லா இருக்கிறவங்களுக்கு ஸ்க்ரூ போட்ட அன்னிக்கே ஒரு தற்காலிகப் பல்லை மேலே மாட்டி அனுப்புறது உண்டுதான். ஆனா அது போட்டோவுக்கு நிக்கிற பல்லு, கரும்பு கடிக்கிற பல்லு இல்லை. அதுல அழுத்தம் கொடுத்தா அடியில எலும்பு பிடிக்கிறதுக்குள்ள ஸ்க்ரூ ஆடிப் போகும். நீ முகூர்த்தத்துக்குச் சிரிக்கணும், அவ்வளவுதானே? அதுக்குப் பக்கத்துப் பல்லோட முதுகுல ஒட்டுற மாதிரி ஒரு பல்லு செய்வாங்க, இல்லைன்னா கழட்டி மாட்டுற ஒத்தைப் பல்லு. செலவும் கம்மி. தாலி கட்டு, ஆடி மாசம் வரும், பொண்ணு அம்மா வீட்டுக்குப் போவா. அப்ப நிதானமா உக்காந்து ஸ்க்ரூ போட்டுக்கோ. பொண்ணு வீட்டுக்காரங்க உன்னை ஓட்டைப் பல்லோட பார்த்துத்தானே சரின்னு சொன்னாங்க? என் பொண்ணு பார்த்துட்டு வேணாம்னு சொன்னது வேற விஷயம்.

மாட்டுக்கு மேல் வரிசையில முன் பல்லே கிடையாது தெரியுமில்ல? நீதான் எண்ணினவனாச்சே. அதனால எந்த மாடும் சந்தையில விலை போகாம நிக்கல.

இந்த ஸ்க்ரூ வித்தையைக் கண்டுபிடிச்சது யாருன்னு தெரிஞ்சுக்கோ, பொறுமை வரும். ஸ்வீடன்ல பிரோனமார்க்னு ஒரு டாக்டர். 1952ல முயல் காலு எலும்புக்குள்ள ரத்த ஓட்டத்தைப் பார்க்கணும்னு டைட்டானியத்துல ஒரு சின்னக் குழாயை வெச்சுப் பொருத்தியிருக்காரு. ஆராய்ச்சி முடிஞ்சு, விலை கூடின சாமானாச்சே, எடுத்து அடுத்த முயலுக்கு வெப்போம்னு இழுத்தா வரல. எலும்பு அதைப் பிடிச்சுக்கிச்சு. மத்தவனா இருந்தா முயலைத் திட்டிட்டுப் போயிருப்பான். இவரு யோசிச்சாரு. பதிமூணு வருஷம் கழிச்சு, 1965ல, பிறவியிலேயே தாடை சரியில்லாத யோஸ்டா லார்சன்கிற ஆளுக்கு முதல் முதலா வெச்சாரு. அந்த ஆளு 2006ல சாகிற வரைக்கும் அந்த ஸ்க்ரூ அப்படியே இருந்துது. நாப்பது வருஷம்! ஆனா மத்த டாக்டருங்க இதை நம்பி ஒத்துக்கிறதுக்கு 1982ல டொராண்டோவுல ஒரு கூட்டம் போட வேண்டியிருந்துது. பொருள் நல்ல பொருள்தான் மாப்ளே. பத்து வருஷம் கழிச்சும் நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல நிக்குது. நான் சண்டை போடுறது ஸ்க்ரூவோட இல்லை, உன் அவசரத்தோட.

எலும்புன்னதும் புத்தூர் ஞாபகம் வருதா? கை கால் முறிஞ்சா புத்தூர் கட்டுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வருது, நானும் ஒரு தடவை கட்டிக்கிட்டு வந்தேன். அங்க தொட்டுப் பார்த்தே சொல்லிடுவாங்க. தாடை எலும்புல அந்தக் கதை நடக்காது. கீழ்த் தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது. ஸ்க்ரூ அதைத் தொட்டா கீழ் உதடும் மோவாயும் மரத்துப் போகும், சில பேருக்கு அது திரும்பி வர்றதே இல்லை. காபி வழியிறது தெரியாம வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுத் திரிவே. மேல் தாடையில கடைவாய்க்கு மேலே காத்து அறை ஒண்ணு இருக்குது, அதுல ஸ்க்ரூ நழுவி விழுந்தா வேற டாக்டர் வேற வழியாப் போய் எடுக்கணும். அதனால வெறும் எக்ஸ்ரேயைக் காட்டி ‘எலும்பு சூப்பர்’னு சொன்னா எழுந்துக்காதே, கேளு: “முப்பரிமாண ஸ்கேன் எடுத்தீங்களா? அகலம் எத்தனை மில்லிமீட்டர்? நரம்புக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க?” சிபிசிடி ஸ்கேன்னு கேட்டாலே புரியும். கேட்டதும் முகம் சுளிக்காம திரையைத் திருப்பிக் காட்டுற டாக்டர் நல்ல டாக்டர்.

அவங்க கேக்காட்டியும் நீ சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்குது. பீடியை விட்டுட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கே. பரவாயில்லை, அம்மாகிட்ட பொய் சொல்லலாம், ஸ்க்ரூகிட்ட சொல்ல முடியாது. புகை பிடிக்கிறவனுக்கு இம்ப்ளான்ட் கழண்டு போற ஆபத்து மத்தவனைவிட ரெண்டு மடங்கு. உதட்டுக்குள்ள ஹான்ஸ் புகையிலையை அடக்கிக்கிட்டு அதே உதட்டுக்குப் பின்னாடி முப்பதாயிரம் ரூபா ஸ்க்ரூவை வெக்கிறவனை என்னன்னு சொல்றது. சுகர் இருந்தா மூணு மாச ஆவரேஜைப் பார்த்துக்கிட்டுப் போகணும். ஏழு, ஏழரைக்குள்ள இருந்தா டாக்டருக்கு நிம்மதி. எட்டைத் தாண்டினா பெரும்பாலும் தள்ளித்தான் போடுவாங்க. உனக்கு இல்லைன்னு நினைக்காதே, நம்ம வம்சத்துல சுகர் சொத்து மாதிரி, யாருக்கும் எழுதி வெக்காமலே வந்து சேருது.

உங்கப்பன் ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரில்ல? அவருக்கும் பல்லு கட்டணும்னு கிளம்பினா, அந்த மாத்திரையை அவராவே நிறுத்திட்டுப் போகக் கூடாது. மாத்திரையை எழுதின டாக்டரும் பல் டாக்டரும் பேசித்தான் முடிவெடுக்கணும். எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசின்னு போட்டுக்கிற பொம்பளைங்க நம்ம தெருவுலேயே இருக்காங்க. அந்த மருந்து உள்ள இருக்கிறவங்களுக்குத் தாடையில வெட்டினா சில சமயம் புண்ணு ஆறாம எலும்பே செத்துப் போகும். எலும்புக்குச் சாப்பிடுற மாத்திரைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் வாயைத் திறக்கிறதில்லை. வாயைத் திறக்கத்தானே அங்க போறீங்க!

உன் அத்தை கதையைக் கேளு. ரெண்டு வருஷம் முன்னாடி ஈறு வீங்கி வீங்கிப் பல்லை மூட வந்துடுச்சு. ஒரு இடத்துல, வெட்டி ஷேப் பண்ணிடலாம்மா, லேசர்ல வலியே இருக்காதுன்னு விலை பேசிட்டாங்க. வேற ஒரு பல் டாக்டர் பொண்ணு, சின்ன வயசு, “பாட்டி, பிபிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”ன்னு கேட்டுச்சு. அம்லோடிபின். அந்த மாத்திரையே சில பேருக்கு ஈறை வளர்த்துவிடுமாம். பிபி டாக்டர் மாத்திரையை மாத்தினாரு, இந்தப் பொண்ணு ரெண்டு தடவை க்ளீனிங் பண்ணிச்சு, ஈறு முக்கால்வாசி தானாவே இறங்கிடுச்சு. லேசர் மிச்சம். அந்தப் பணத்துல உன் அத்தை கம்மல் வாங்கிட்டா, அது வேற.

ஈறுன்னதும் உன் கருப்புக்கு வர்றேன். ஈறு கருப்பா இருக்கிறது வியாதியாடா? தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே சாமான்தான் ஈறுக்கும் நிறம் கொடுக்குது. உங்க தாத்தாவுக்கு அப்படி, உங்கப்பனுக்கு அப்படி, உனக்கு மட்டும் ரோசாப்பூ நிறத்துல எங்கிருந்து வரும்? கத்தியால சுரண்டலாம், லேசர்ல எரிக்கலாம், மேல் தோலு போகும், ரெண்டு வாரத்துல புதுசா இளஞ்சிவப்பா வரும், ‘முன்’, ‘பின்’னு போட்டோ எடுத்துப் போடுவாங்க. அந்தக் கருப்பு கொஞ்ச மாசத்துலேயோ சில வருஷத்துலேயோ திரும்பி வர்றது சகஜம், பீடிக்காரனுக்கு இன்னும் சீக்கிரம். ‘பின்’ போட்டோ எடுத்தவன் மூணு வருஷத்துக்குப் பின் ஒரு போட்டோ எடுத்திருக்கானான்னு கேளு. ஆனா ஒண்ணு. நேத்து வரைக்கும் இல்லாத கருப்புத் திட்டு ஒரே இடத்துல புதுசா வந்து பரவுச்சுன்னா அழகு டாக்டரை விட்டுட்டு உடனே காட்டணும். அது வேற கேஸு.

ஈறை மேலே ஏத்துறதுன்னா வெறும் ஓரம் கத்தரிக்கிறது இல்லை. ஈறு ஓரத்துக்கும் உள்ளே இருக்கிற எலும்புக்கும் நடுவுல சுமார் மூணு மில்லிமீட்டர் இடம் உடம்பு எப்பவும் வெச்சுக்கும். எலும்பைக் கவனிக்காம ஈறை மட்டும் வெட்டினா, ஒண்ணு ஈறு பழைய இடத்துக்கே வளர்ந்து வரும், இல்லைன்னா எப்பவும் சிவந்து ரத்தம் கசியும். அதிகமா ஏத்திட்டா வேர் தெரிஞ்சு, ஐஸ் தண்ணி குடிச்சா உச்சி வரைக்கும் கூசும். இறங்கின ஈறுக்கு ஒட்டு போடணும்னா மேல் அண்ணத்திலிருந்து சதை எடுப்பாங்க, ரெண்டு இடத்துல புண்ணு. அதையெல்லாம் செய்ய ஈறுக்குன்னே மூணு வருஷம் எம்டிஎஸ் படிச்சவங்க இருக்காங்க. வாரக்கடைசியில கோர்ஸ் படிச்சு சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டினவங்களும் இருக்காங்க. சுவத்துல எத்தனை பிரேம் இருக்குதுன்னு எண்ணாதே, அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படி. டென்டல் கவுன்சில் பதிவு நம்பர் என்னன்னு கேளு. உரம் வாங்கிற கடையில லைசென்ஸ் கேக்கிறவன்தானே நீ?

வெனீர்ங்கிறது பல்லு முகப்புல ஒட்டுற மெல்லிசு ஓடு, அதைப் பத்தி ஒரே பேச்சு. நல்லா இருக்கிற ஆறு பல்லோட மேல் பூச்சை ராவிட்டுத்தான் அதை ஒட்டுவாங்க. ராவின பூச்சு மறுபடி முளைக்காது. பத்து, பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருக்கணும். காளை எடுத்தது ஒரு பல்லு, நீயா கொடுக்கிறது ஆறு.

சரி, காபி வந்துடுச்சு, குடி. இப்பச் சொல்லப் போறதுக்குச் சிரிக்காதே.

நம்ம குப்பத்துப் பக்கமிருந்து இறங்கினா வாணியம்பாடி. அங்க ஒரு பல் கிளினிக்கு. 2022, 2023 வாக்குல அங்க போய் பல்லு காட்டிட்டு வந்தவங்களுக்கு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா காய்ச்சல், தலைவலி, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிறது, பேச்சுக் குழறுறது. மூளை வரைக்கும் கிருமி ஏறிடுச்சு. எட்டுப் பேர் செத்துப் போனாங்க. வேலூர் சிஎம்சிக்காரங்க, தமிழ்நாடு சுகாதாரத் துறை, ஐசிஎம்ஆர்காரங்க எல்லாம் சேர்ந்து துருவித் துருவிப் பார்த்தாங்க. 2025ல லான்செட் பத்திரிகைக் குழுமத்துல அந்த ஆராய்ச்சி வந்துது. அந்த நோய்க்கு மெலியாய்டோசிஸ்னு பேரு. சேத்துலேயும் தண்ணியிலேயும் இருக்கிற கிருமி, நாத்து நடுறவன் காலுல புண்ணு இருந்தா பிடிக்கும். அது பல்லு வழியா எப்படி வந்துது? சலைன் பாட்டில், மாப்ளே. வாயைக் கழுவ ஊத்துற உப்புத் தண்ணி. ஈறை விலக்குற ஆயுதத்தாலேயே அந்தப் பாட்டிலைக் குத்தித் திறந்து, மேலே பஞ்சை லேசா அடைச்சு வெச்சு, அதே தண்ணியை அடுத்த ஆளு, அதுக்கடுத்த ஆளுன்னு ஊத்தியிருக்காங்க. பெரிய மிஷின் ஒண்ணும் கெட்டுப் போகல. ஒரு பாட்டிலு, கொஞ்சம் பஞ்சு.

உன் எஸ்டிமேட்டுல லேசருக்கு ஒரு வரி இருக்குது, ஜிர்கோனியா கேப்புக்கு ஒரு வரி இருக்குது, சலைன் பாட்டிலுக்கு வரி எங்க? கிளினிக்குல வாங்கிறதுலேயே ரொம்ப மலிவான சாமான் அது. அதனால நாற்காலியில சாயிறதுக்கு முன்னாடி சொல்லு: “அண்ணா, புது பாட்டிலை என் கண்ணு முன்னாடி திறங்க.” ஆயுதமெல்லாம் ஒட்டின கவருல வரும். ஆட்டோகிளேவ்ங்கிற ஆவிப் பெட்டியில வெந்திருந்தா கவரு மேல இருக்கிற பட்டை நிறம் மாறியிருக்கும். அதையும் உன் முன்னாடி பிரிக்கச் சொல்லு. கையுறையோட போனை எடுத்துப் பேசிட்டு அதே கையை உன் வாயில விட வந்தா வாயை மூடிக்கோ. மரியாதைக் குறைச்சலா நினைச்சுக்குவாங்களோன்னு பயப்படாதே. நல்ல டாக்டருக்கு இது பெருமை, காட்டுறதுக்கு ஒரு ஆளு கிடைச்சான்னு சந்தோஷப்படுவாங்க.

இன்னொண்ணு ஹைதராபாத்ல. 2024 பிப்ரவரி, ஜூபிலி ஹில்ஸ்ல. இருபத்தெட்டு வயசுப் பையன், உன்னாட்டமே கல்யாணம் நிச்சயமானவன், வீட்டுல யாருக்கும் சொல்லாம சிரிப்பை அழகுபடுத்திக்கப் போனான். நாற்காலியிலேயே மயங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உயிர் போச்சு. மயக்க மருந்து அதிகமாப் போச்சுன்னு வீட்டாருங்க புகார் கொடுத்தாங்க, போலீஸ் கேஸ் ஆச்சு. யாரு பக்கம் தப்புன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. தனியாப் போகாதேன்னு சொல்றேன். மரக்க மட்டும் ஊசியா, தூங்க வெக்கிறாங்களா? தூங்க வெச்சா மருந்து கொடுக்கிறது யாரு, மயக்க டாக்டர் கூட இருப்பாரா, மூச்சு நின்னா ஆக்சிஜன் எங்க இருக்குது? எந்த மருந்தாவது முன்னாடி ஒத்துக்காம போயிருந்தா அதை நீயே சொல்லணும். சின்ன வயசுல பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சு, உங்கம்மா தூக்கிக்கிட்டு ஓடினது உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்குது.

அப்புறம் கையெழுத்து. ஒரு பாரத்தை நீட்டுவாங்க, அஞ்சு பக்கம் இங்கிலீஷு. காளத்தியில கண்ணப்பன் தன் கண்ணைப் பிடுங்கிச் சாமிக்கு வெச்சான், ஒருத்தரும் கையெழுத்து கேக்கல. ஆனா ரெண்டாவது கண்ணுக்குக் கையை வெச்சப்போ, நில்லு கண்ணப்பான்னு சாமியே கையைப் பிடிச்சுது. உனக்கு ரெண்டாவது பல்லுல கை வெக்கிறப்போ பிடிக்கிறதுக்கு யாரும் வர மாட்டாங்க. அந்தப் பாரத்தைத் தெலுங்குலேயோ தமிழ்லேயோ வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ராத்திரி வெச்சுப் படிச்சுட்டு மறுநாள் போடு. வேற வழி இருக்குதான்னும் கேளு. பக்கத்துப் பல்லைப் பிடிச்சுக் கட்டுற பிரிட்ஜ், என்னை மாதிரி கழட்டி டம்ளர்ல போடுற செட்டு, எல்லாத்துக்கும் என்ன செலவு, எத்தனை நாள் வரும்னு கேளு. ‘இம்ப்ளான்ட்தான் ஒரே வழி’ன்னு முதல் நாளே சொல்றவங்ககிட்ட ரெண்டாவது நாள் போகாதே.

பணம். ஒரு பல்லுக்கு இருபது முப்பதாயிரத்துல ஆரம்பிச்சு அம்பது அறுபதாயிரம் வரைக்கும் சொல்றாங்க. ‘ஆரம்ப விலை’ன்னு போட்டிருந்தா அது ஸ்க்ரூ மட்டும். ஸ்க்ரூவுக்கு மேல நடுத்துண்டு ஒண்ணு வரும், அதுக்கு மேல கேப் வரும், எலும்புத் தூள், ஸ்கேன், எல்லாம் தனித்தனி. எல்லாம் சேர்த்து முழுசா எவ்வளவுன்னு எழுதி வாங்கு. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னாடி பொய் சத்தியம் பண்ண நம்ம பக்கத்துல ஒருத்தனுக்கும் தைரியம் வராது. ஆனா எல்லா பில்லுக்கும் அவரைக் கூப்பிட முடியுமா, அவரு பாவம். ‘லைஃப்டைம் வாரண்டி’ன்னா யாரோட லைஃப், உன்னோடதா, கிளினிக்கோடதா, கம்பெனியோடதான்னு கேளு. ஸ்க்ரூ பிடிக்காம விழுந்தா மறுபடி போடுறது யாரு செலவு, அதையும் எழுதிக்கோ.

இதுல ஒரு சூட்சுமம், யாரும் சொல்றதில்லை. ஸ்க்ரூ டப்பாவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி பேரு, அளவு, லாட் நம்பரு. ஸ்வீடன்ல ஆரம்பிச்ச நோபல் பயோகேரா, சுவிஸ் ஸ்ட்ரௌமனா, கொரியா ஆஸ்டெம்மா, எதுவானாலும் அந்த ஸ்டிக்கரை உன் கார்டுல ஒட்டி வாங்கிட்டு வந்து நிலப் பத்திரத்தோட வை. பத்து வருஷம் கழிச்சு நீ பெங்களூர்ல இருக்கிறப்போ கேப் லூசாச்சுன்னா, அங்க இருக்கிற டாக்டர் முதல்ல கேக்கிறது, “என்ன கம்பெனி?” ஒவ்வொருத்தனுக்கும் ஸ்க்ரூ டிரைவர் வேற. பேரு தெரியலைன்னா, அஞ்சு நிமிஷத்துல முறுக்க வேண்டியதுக்கு அஞ்சு ஊரு அலையணும்.

அவசரம் இல்லைன்னா பல் காலேஜுக்குப் போ. திருப்பதியிலேயே சி.கே.எஸ். தேஜா காலேஜ் இருக்குது, சென்னையில கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் காலேஜ் இருக்குது. அங்க ரெண்டு பேர் செய்வாங்க, நாலு பேர் பார்ப்பாங்க, வாத்தியார் வந்து திட்டுவாரு. வரிசையில உக்காரணும், நாலு நடை கூட நடக்கணும். ஆனா ஈறு டாக்டர், எலும்பு வெட்டுற டாக்டர், பல்லு கட்டுற டாக்டர் மூணு பேரும் ஒரே கட்டடத்துல இருப்பாங்க.

போட்டுக்கிட்டு வந்தப்புறம் என்ன சாப்பிடுறதுன்னு உங்கம்மா கவலைப்படுவா. முதல் நாள் சூடு கூடாது, உறிஞ்சக் கூடாது, காறித் துப்பவும் கூடாது. ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிச்சா கட்டின ரத்தம் பிடுங்கிக்கிட்டு வரும். நம்ம ஜில்லாக்காரனுக்கு ஒரு வசதி பாரு: ராகிக் களியை மெல்லவே வேணாம், ஆறவெச்சு உருண்டை உருண்டையா முழுங்கிடலாம். தொட்டுக்க மோரு போதும், நாட்டுக்கோழிக் குழம்பு ஒரு வாரம் எங்களோடது.

ஸ்க்ரூவுக்குச் சொத்தை வராதுன்னு நினைச்சுப் பல்லு விளக்காம இருந்துடாதே. சொத்தை வராது, சுத்தி இருக்கிற ஈறும் எலும்பும் அழுகும். நிஜப் பல்லுன்னா அதுக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு நார் இருக்குது, அழுத்தினா தெரியும். ஸ்க்ரூவுக்கு அது கிடையாது, பல மாசம் வலியே காட்டாது, பார்த்தா அடியில எலும்பு பாதி காலி. பல்லு இடுக்குல விடுற குட்டி பிரஷ்ஷு இருக்குது, தினமும் விடு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்க் காட்டு. முதல்ல ஈறு நோயைச் சரி பண்ணிக்கிட்டுத்தான் ஸ்க்ரூவே. உனக்குப் பல்லு விளக்கிறப்போ ரத்தம் வருதா? தலையை ஆட்டுறே பாரு, அதை எஸ்டிமேட் போட்டவங்க கேட்டாங்களா?

வர்ற புதன்கிழமை போவோம். சனி, ஞாயிறு வேணாம், திருப்பதியில இறங்கி நிக்க இடம் இருக்காது. நீ நாற்காலியில உக்காரு, நான் ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன். மாத்திரைச் சீட்டு, பழைய எக்ஸ்ரே, எல்லாத்தையும் மஞ்சப் பையில போட்டுக்கோ. தமிழ்ல நான் கேக்கிறேன், தெலுங்குல நீ சொல்லு, சங்கராந்திக் காளைக் கதையை மட்டும் நானே தெலுங்குல சொல்லிக்கிறேன். டாக்டரம்மா நிதானமா பதில் சொன்னா அட்வான்ஸ் கட்டு. ‘ஏம் காது’ன்னு மட்டும் சொன்னா எழுந்து வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரியாணி சாப்பிட்டுட்டுத் திரும்பிடலாம். பஸ் சார்ஜ், பிரியாணி ரெண்டும் உன்னோடது.